கருகிய ஐசியும் முருகன் தந்த பதிலும்

முருகனை நம்பும் உங்கள் எல்லோரிடமும் இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் நான் மூன்று முறை ஃபெயில். மற்ற பாடங்களெல்லாம் முடித்தாயிற்று. வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி, மே மாதத்துக்குள் டிப்ளமோ சான்றிதழ் வேண்டும் என்றது. எனக்கோ அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே உடனே மூடிவிடத் தோன்றும். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் ஆண்டில் வகுப்புத் தோழி செல்வியும் நானும் லாபில் ஒரே மேசை. ஒருநாள் நான் ஐசி சிப்பைத் திருப்பிச் செருகி கரன்ட் சப்ளை கொடுத்துவிட்டேன். அது கருகி, அதைச் செருகியிருந்த பயிற்சி கிட்டும் பழுதானது. லாப் மேடம் வந்தபோது ஒயர் செல்வியின் கையில் இருந்தது. இனி கிட்டைத் தொடாதே என்று அவளைத்தான் திட்டினார். நான் குனிந்தபடி நின்றேன். நான்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. பயிற்சி இல்லாமல் செய்முறைத் தேர்வில் அவள் தோற்றாள். வகுப்பிலேயே நன்றாகப் படித்தவள், படிப்பையே விட்டுவிட்டாள்.

இந்தத் தைப்பூசத்தன்று ராசிபுரத்தில் எங்கள் தெரு முருகன் கோயிலில் நின்று அழுதேன். சொல்லித்தர ஒரு ஆளையாவது அனுப்பு என்று வேண்டினேன். அடுத்த வாரம் சேலம் பஸ்ஸில் ஏறினால், காலியாக இருந்தது ஒரே ஒரு சீட். பக்கத்தில் செல்வி. வாழப்பாடியில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில் ஆபீசில் வேலையாம். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மல்லூர் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாலா. நீயா மேடம்கிட்ட சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

பிறகு என் படிப்பைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, பழைய நோட்டு இருக்கிறது என்றாள். நான்கு ஞாயிறு போனேன். முதல் நாளே, இரண்டு பிட்டுகளைக் கூட்டும் ஹாஃப் ஆடர் சர்க்யூட்டை வரையச் சொன்னாள்.

"மனப்பாடம் பண்ணாத. ரெண்டு பக்கமும் ஒன்னு வந்தா சம் என்ன, கேரி என்ன? அதை மட்டும் யோசி."

சம் சைபர், அடுத்த இடத்துக்குப் போகும் கேரி ஒன்று. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்தது.

அந்தப் பரீட்சையில் பாஸ் ஆனேன். வேலையும் கிடைத்தது. ரிசல்ட் வந்த அன்றே மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். "நானும் அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேக்கலையே சாமி" என்றார். செல்விக்கு அவரே போன் செய்து, மறுபடி வந்து எழுதச் சொன்னார். பார்க்கலாம் என்றாளாம். இன்னும் வரவில்லை.

நான் கேட்டதை முருகன் கொடுத்துவிட்டான். நான் யாரைக் கெடுத்தேனோ அவள் கையாலேயே கொடுத்தான். நம்பிக் கேளுங்கள், உங்களையும் கைவிட மாட்டான். ஆனால் யாரிடமாவது ஒரு உண்மையைச் சொல்லாமல் வைத்திருந்தால், முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருடம் தாமதித்துவிட்டேன். செல்வி திரும்பவும் பரீட்சை எழுத வேண்டும். இப்போது தினமும் முருகனிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.