மூக்கன் வழி விடுகிறான்

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியிலேயே மூக்கன் நாலைந்து பேரைக் கடந்துவிடுவான். கையில் பந்து கிடையாது. வலது உள்ளங்கை மட்டும் முழங்காலுக்குப் பக்கத்தில் காற்றைத் தட்டிக்கொண்டே போகும். எதிரே பசு வந்தால், இடது பக்கம் போவதுபோல் தோளைக் காட்டிவிட்டு வலது பக்கம் நழுவுவான். பசு இடது பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்கள் அவன் தலை தெரிந்தாலே பாதையோரம் நின்றுவிடுவார்கள்.

"நீங்க வாங்கக்கா, நான் நின்னுக்கிறேன்" என்பான். நிற்க மாட்டான்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அவன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டு, பொழுதெல்லாம் குனிந்தபடி பக்கவாட்டில் நகரும் வேலை. வயது முப்பதைத் தொடவில்லை, அதற்குள் முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. கூடைப்பந்து ஆட்டத்தில் அது பெரிய சௌகரியம். அவன் தட்டும் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாது. அதைப் பறிக்க நினைப்பவன் தவழத்தான் வேண்டும்.

மின்சார நிலையத்து ஊழியர்கள் தங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு சிமெந்துத் தளம் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அங்கேதான். வளையத்தில் கட்டிய வலை மழையில் இற்றுப்போனபோது, மூக்கன் ஒரு பழைய கொழுந்துக் கூடையின் அடியை அறுத்துக் கொண்டுவந்து கட்டினான். அவன் மனைவி பூரணி கொழுந்து பறிப்பவள். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அடி இல்லாத கூடையக் கட்டிக்கிட்டு, போட்டது நிக்கலயேன்னு திரும்பத் திரும்பப் போடுறாங்க" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த ஆட்டத்தில் விசில் ஊதும் உத்தியோகம் எனக்கு. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு எல்லா விதியும் தெரிந்திருக்கும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

தன் வித்தைகளுக்கெல்லாம் மூக்கன் பெயர் வைத்திருக்கிறான். மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டும் வாய்க்காலுக்குக் கான் என்று பெயர். பந்தைக் கால்களுக்கு நடுவே தட்டி மறு கைக்கு மாற்றுவது அவனுக்குக் 'கான் தாண்டி'. மறிப்பவன்மேல் முதுகைச் சாய்த்து ஒரே சுற்றில் அந்தப் பக்கம் போய்விடுவது 'ரோதை', சக்கரம்போல் சுழல்வதால். முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டி மறு கையில் வாங்குவதன் பெயர் 'பூரணி'. கொழுந்து பறிக்கிறவள் திரும்பியே பாராமல் தோளுக்குப் பின்னால் முதுகுக் கூடைக்குள் வீசுகிறாளே, அதைப் பார்த்துக் கற்றதாம். வேடிக்கை பார்ப்பவர்கள் "பூரணியப் போடு" என்று கூச்சலிடுவதில் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இவ்வளவும் தெரிந்தவனிடம் ஒரே ஒரு கோளாறு. தோட்டத்துப் பாதையில் நிர்வாகியான துரை வந்தால் தொழிலாளி ஓரமாக ஒதுங்கி, தலைத்துண்டை எடுத்து, அவர் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்து பத்து வருடமாகிறது. அந்தச் சேதி எங்கள் பாதைக்கு இன்னும் வந்து சேரவில்லை. நினைத்தால் எனக்கு வயிறு எரியும். மூக்கன் நினைப்பதேயில்லை. அது அவன் காலோடு சேர்ந்துவிட்டது.

துரைமார் கிளப்பின் அணியில் உதவி நிர்வாகியான எங்கள் சின்னத்துரையும் ஆடுகிறார். நல்ல உயரம், கொழும்பில் படிக்கும்போதே ஆடிப் பழகியவர். அந்த அணியோடு நடந்த முதல் ஆட்டத்தில், மூக்கன் ஒருவரைக் கான் தாண்டி, இன்னொருவரை ரோதையில் சுற்றிவிட்டு வந்தான். எதிரே சின்னத்துரை கைகளை விரித்து நின்றார். மூக்கன் நின்றுவிட்டான். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோட்டோரம் ஒதுங்கினான். தலைத்துண்டை உருவி, "சலாமுங்க தொரை" என்றான். துரை தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். அப்படியே அக்குளிலிருந்த பந்தை உருவிக்கொண்டு போய்க் கூடையில் போட்டார். சலாம் போடுவது தப்பாட்டத்தில் சேருமா என்று என்னைக் கேட்டார்கள். விசிலை வாயிலிருந்து எடுக்காமல் யோசிப்பதுபோல் நின்றேன்.

எங்கள் அணித்தலைவர் ராசிக், கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். துண்டு இருந்தால்தானே எடுப்பான் என்று, அடுத்த ஆட்டத்துக்கு முன்பே அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆட்டத்திலும் சின்னத்துரை எதிரே வந்ததும் மூக்கன் வெறுந்தலையைத் தடவிக்கொண்டு ஒதுங்கினான்.

ராசிக் கத்தவில்லை. "இந்தா பாரு மூக்கன், இன்னொருக்கா வழி விட்டா ஒன்னைய எடுத்துட்டு வேற ஆளப் போட்டுருவேன். பொறகு நீ வெளிய நின்னு பந்து பொறுக்கலாம்" என்றார்.

அன்றிரவு அவன் சோறு தின்னவில்லை என்று பூரணி வந்து சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது. வாரத்தில் அந்த ஒருநாள்தான் யாரும் குனியச் சொல்லாமல் அவனாகக் குனிகிறான். மறுநாள் மூக்கனையே கேட்டேன். "வேணும்னு செய்யலீங்க சார். அவங்க மொகத்தப் பாத்ததும் காலு தானா ஓரத்துக்குப் போயிருது" என்றான். அந்த வாரம் என் பழைய தொப்பியை வாங்கிப்போய் ஒரு தேயிலைச் செடிக்கு மாட்டி, அதன் எதிரே பழகிப் பார்த்தான். செடிக்கும் வழி விட்டானாம்.

போன ஞாயிறு மூன்றாவது ஆட்டம். ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு அணியும் சமம். பந்து மூக்கனிடம், எதிரே சின்னத்துரை. மூக்கனின் கால் நின்றது. உடம்பு இடது ஓரமாக ஒதுங்கியது. வலது கை தலைக்குப் போயிற்று. ராசிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூரணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சின்னத்துரை விரித்த கைகளைத் தொங்கவிட்டார், தலையை அசைத்தார், விட்ட வழியில் நடந்து போனார். பாதையில் தினமும் எப்படிப் போவாரோ அப்படியே போனார். மூக்கனின் இடது கை கீழே பந்தைத் தட்டிக்கொண்டே இருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்துத் திரும்பிக் கையை நீட்டியபோது பந்து முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. முந்தானையை விலக்கிய பூரணி பார்த்தது 'பூரணி'யைத்தான். அடுத்த கணம் பந்து கூடை வழியாக விழுந்தது. நான் விசில் ஊத மறந்து போனேன்.

திட்டம் போட்டுச் செய்தானா என்று பிறகு கேட்டேன். "வழி விட்டேனுங்க சார். தொரை போய்ட்டாங்க. பொறகு வழி சும்மாதானே கெடந்துச்சு, நான் போனேன்" என்றான். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் வழி விடச் சொல்லிவிட்டு, ராசிக் துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் மூக்கன், காற்றைத் தட்டிக்கொண்டு. வளைவில் சின்னத்துரை வந்தார். மூக்கன் வழக்கம்போல ஒதுங்கினான், தலைத்துண்டை எடுத்தான். பாதை அகலமாகக் காலியாகக் கிடந்தது.

துரை ஒரு அடி வைத்தார். நின்றார். மூக்கனின் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு காலைக் கொஞ்சம் அகட்டி, கைகளை உடம்பிலிருந்து லேசாக விலக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். மூக்கன் சற்று நேரம் பார்த்தான். துண்டைத் தோளில் போட்டு, கவ்வாத்துக் கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு வெறுங்கைகளையும் விரித்துப் புரட்டிக் காட்டினான்.