ஆமை மேலே வந்தது

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. டியூஷன் எடுப்பவளுக்கு அது ஆகாத குணம். ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக, சாயங்காலங்களில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி வந்து சேர்ந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு. தமிழைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். வாசித்தது என்ன என்று கேட்டால் முழிப்பாள். வெள்ளிக்கிழமை வாசிப்புத் தேர்வில் தேறாவிட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிடுவதாக ஆசிரியை சொல்லியிருந்தாராம்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளை மட்டும் உட்கார வைத்தேன். பயிற்சித்தாளில் நாலே வரி. ஜெராக்ஸில் படம் கறுப்பாக அப்பியிருந்தது.

"கிணற்றில் ஆமை இருந்தது. மழை பெய்தது. தண்ணீர் ஏறியது. ஆமை மேலே வந்தது."

'ஆமை' வந்த இடங்களில் மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

"கிணத்துல என்ன இருந்துச்சு?"

"ஆமெ."

"அங்க என்ன பண்ணிச்சு?"

"மேல பாத்துகினு இருக்குது மிஸ்."

"இதுல எங்கடி அப்படிப் போட்டிருக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே திறந்த கொல்லைக்கதவு. அதற்கப்பால் கம்பி வலை போட்டு மூடிய எங்கள் கிணறு. மழை பிடித்திருந்தது. மலை மேகத்துக்குள் போய், கோயில் விளக்குகூடத் தெரியவில்லை.

வரைந்து காட்டச் சொன்னேன். ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் நீளமான முடி, இரண்டு கண்கள். வாய் வரையவில்லை.

"இன்னும் எவ்ளோ தண்ணி ஏறணும் மிஸ்?"

பேய் பிசாசெல்லாம் சும்மா என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிற நான், எழுந்துபோய்க் கொல்லைக்கதவைத் தாழ்போட்டேன்.

"தொறந்தே வைங்க மிஸ்" என்றாள் மெதுவாக.

ஆறு மணிக்கு அவளுடைய அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, அவர்தான் வளர்க்கிறார். படத்தைக் காட்டி, "ஆமை எதுன்னுகூடத் தெரியலைங்க" என்று குறைப்பட்டேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. பெண்ணை வாசலுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார்.

"டீச்சர், தெலுங்குல ஆமென்னா 'அந்தம்மா'ங்க. இது கைக்கொழந்தையா இருக்கசொல்ல, இதோட அம்மா கெணத்துல விழுந்து செத்துப் பூட்டா. ஊட்ல யாரும் பேரு எடுக்கறதில்ல. ஆமென்னுதான் பேசிகினு இருக்கோம். இதுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம்."

'வந்தது' என்பதும் அவளுக்கு உறுத்தியிருக்காது. தெலுங்கில் பெண்ணுக்கும் ஆடுமாட்டுக்கும் வினைமுடிவு ஒன்றுதானாம். இத்தனை வருஷம் தெலுங்கு காதில் விழுந்தும் மண்டையில் ஏறாத என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் செல்போனில் ஆமைப் படம் காட்டினேன்.

"தாபேலு!" என்றாள் உடனே.

"தமிழ்ல இதுக்குப் பேருதான் ஆமை."

தாளைத் தானே இழுத்து மறுபடி வாசித்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமை தேறிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சபாஷ் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்போ மழ வந்தா தாபேலு மட்டுந்தான் மேல வருமா மிஸ்?"

"ஆமா" என்றேன்.

அப்போதுதான் அவள் தன் அம்மாவுக்காக அழுதாள்.