பாலிஷ்காரரின் பத்து விநாடி

அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே இருக்கிற மூச்சையெல்லாம் வெளியே விடுகிறார் பாலிஷ்காரர். கையிலிருக்கும் மருந்துக் கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. ஊதினால் உள்ளே இருக்கும் மருந்துப் பொடி ஈரம் பட்டுக் கட்டிதட்டிவிடும். பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வட்ட டப்பாவை வாயில் வைத்து, உதடுகளை இறுக்கி, ஒரே இழுப்பு. இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறார். எண்ணி முடியும்வரை தாடை கொஞ்சம் மேலே தூக்கியே இருக்கிறது. அந்தத் தாடைக்கும் மருத்துவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூச்சு வகுப்புக்கு வரும் போட்டோக்காரர் அப்படித் தூக்குவார், அதனால் இவரும் தூக்குகிறார்.

வயது அறுபத்து மூன்று. நாற்பது வருடமாக மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். உப்புத்தாள் தேய்த்த தூள், ஸ்பிரிட் வாடை, அரக்கு, இவற்றுக்கு நடுவே தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் என்று காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது தேய்க்கிற வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, கடைசிப் பூச்சைச் சரிபார்க்க மட்டும் பட்டறைக்குப் போகிறார். ஒரு மேஜையை அவர் நேராகப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்வாகப் பார்ப்பார். யாருக்கும் தெரியாத கீறல் அவருக்குத் தெரியும். "நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்று இழுப்பார். பட்டறையில் அந்த 'ஆனா'வுக்குப் பயப்படாத ஆள் கிடையாது.

வீட்டிலும் அதே கதைதான். மைத்துனருக்கு இன்னும் முடி கொட்டவில்லை, எதிர்வீட்டுக்காரர் மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறுகிறார், பட்டறை முதலாளிக்குப் படுத்த உடனே தூக்கம் வருகிறது. ஒவ்வொன்றும் பாலிஷ்காரரின் வயிற்றெரிச்சல் பட்டியலில் உண்டு. "அடுத்தவன் நல்லா தூங்கினாக்கூட இவருக்குக் கண்ணு எரியும்" என்பார் அவர் மனைவி.

நுரையீரல் அடைப்பு நோய் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. போனது திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். இரண்டு மருந்துகள் கொடுத்தார்கள். வட்ட டப்பா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. உடம்பு நன்றாக இருந்தாலும் எடுக்க வேண்டும், மோசமாக இருந்தாலும் கூட்டக் கூடாது. நீல நிறத்தில் சின்னதாக இருப்பது திடீரென்று மூச்சு முட்டினால் மட்டும். அன்றே சிகரெட்டைத் தூக்கிப் போட்டவர் திரும்பத் தொடவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நெஞ்சுக்குள் போன புகையை நிறுத்திவிட்டார். காதில் வருகிற புகையைத்தான் நிறுத்த முடியவில்லை.

அந்தப் புகைக்குக் காரணம் போட்டோக்காரர். வியாழக்கிழமை காலைகளில் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் சிஸ்டர் ஒருவர் மூச்சு வகுப்பு எடுக்கிறார். பத்து நாற்காலிகள், ஒரு மேஜை, சுவரில் கடிகாரம். மருந்தை எப்படி இழுப்பது என்று முதலில் பாடம். பிறகு வராந்தாவில் ஆறு நிமிட நடை. எழுபது வயதுப் போட்டோக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வருவார். ஸ்டூடியோவில் ஆயுள் முழுக்க மற்றவர்களிடம், "மூச்சப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொன்னவர் அவர். பத்து விநாடி அவருக்கு எம்மாத்திரம்? இழுத்துப் பிடித்துவிட்டு, யாரோ தன்னைப் படம் எடுப்பதுபோல உட்கார்ந்திருப்பார். சிஸ்டர் ஒரு நாள் நிஜமாகவே தன் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, சுவரில் ஒட்டி, கீழே 'இப்படித்தான்' என்று எழுதிவிட்டார்.

அன்று பாலிஷ்காரர் வீட்டில் சோறு இறங்கவில்லை.

"பத்து செகண்டு மூச்சப் பிடிக்கிறது ஒரு பெரிய வித்தையா? கடைசிப் பூச்சு போடும்போது முப்பது செகண்டு மூச்சு விடாம நின்னவன் நான்!"

"அதான் இப்ப இழுத்துக்கிட்டு நிக்கறீங்க" என்றார் மனைவி.

இதற்குப் பிறகு நடந்ததைப் பாலிஷ்காரர் யாரிடமும் சொல்வதில்லை. அவர் மனைவி எல்லோரிடமும் சொல்வார். அடுத்த வாரம் வேறு ஒருவரைச் செய்துகாட்ட முன்னால் கூப்பிடுவதாக சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிய பாலிஷ்காரர், புதன்கிழமை காலை கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார். உதடு சரியில்லை என்று ஒரு தடவை, முழங்கை தொங்கியது என்று ஒரு தடவை, தாடைக்காக இரண்டு தடவை. டப்பாவின் விசையைத் தள்ளும் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு வேளை மருந்து உள்ளே போகிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஏழாவது தடவை கைகள் நடுங்க ஆரம்பித்தன. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஏங்க, மருந்த வச்சுக்கிட்டா ஒத்திகை பாப்பாங்க!" என்று அலறிய மனைவி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி அரை நாள் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் வகுப்பில், எல்லோர் முன்னாலும், சிஸ்டர் ஒரு பழைய டப்பாவை அவர் கையில் கொடுத்தார்.

"இது காலி, ஐயா. இங்க பாருங்க, இந்தக் குட்டி ஜன்னல்ல எத்தன வேளை மிச்சம்னு நம்பர் வரும். சிவப்புல சைபர் வந்துட்டா உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா டிக்குனு சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். நீங்க எவ்வளவு வேணும்னாலும் இழுங்க."

அறையே சிரித்தது. பாலிஷ்காரருக்கு மூக்கு உடைந்துபோயிற்று. போட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து தோளில் கைவைத்து, "ஆர்வம் இருக்கு, நல்லதுதான்" என்றார். மற்றவர்களின் சிரிப்பைக்கூட மறந்திருப்பார், இந்தத் தோள் தட்டலை மறக்க முடியவில்லை.

இரண்டு மாதம் காலி டப்பாவில் பழகினார். இப்போது உண்மையிலேயே கை சுத்தம். மருந்து எடுத்த பிறகு கொப்பளித்துத் துப்புவதில்கூட ஒரு கணக்கு வந்துவிட்டது. இதற்கிடையில், யாரும் எதிர்பாராதபடி, போட்டோக்காரர் நடையில் பின்தங்கத் தொடங்கினார். ஒரு வாரம் வராந்தாவில் ஒருமுறை நின்றார். அடுத்த வாரம் மூன்று முறை நின்றார். நீல மருந்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே, "வயசாகுதில்ல" என்றார். பாலிஷ்காரர் அவரைக் கடந்து போனார். போனதோடு விடாமல், திரும்பி வரும்போது இன்னொரு தடவையும் கடந்தார். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் மூன்று முறை சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வியாழக்கிழமை புதிதாக ஒரு பெண் சேர்ந்தார், பல வருடம் அடுப்புப் புகையில் நின்ற சமையல்காரர். அவருக்குக் காட்டுவதற்காக சிஸ்டர் வழக்கம்போலப் போட்டோக்காரரைக் கூப்பிட்டார். அது அவருடைய காலை வேளை மருந்து. வகுப்பில் வைத்தே எடுப்பார். பாலிஷ்காரர் முன்வரிசையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குறை தேடினார். மூச்சை வெளியே விட்டது சரி. உதடு சரி. தாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விரல்களைப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே அந்தக் குட்டி ஜன்னல் தெரிந்தது. இரண்டு சிவப்புச் சைபர்.

இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த சைபர்கள் அவை. அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? சுவரில் படமாக ஒட்டியிருக்கிற மனிதர், எல்லோருக்கும் முன்னால், வெறும் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! பாலிஷ்காரரின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"பாத்துக்கிட்டீங்களா?" என்று சமையல்காரரிடம் சொன்ன சிஸ்டர், சும்மா சீண்டுவதற்காக முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "என்ன ஐயா, ஏதாவது ஆனா உண்டா?"

பாலிஷ்காரர் வாயைத் திறந்தார். ஒரு சொல் போதும், இன்றைக்கே அந்தப் படம் சுவரிலிருந்து இறங்கிவிடும். எதுவுமே சொல்லாவிட்டால் இன்னும் லாபம். இரண்டு வாரத்தில் போட்டோக்காரர் நடக்க முடியாமல் நின்றுவிடுவார், அந்த இடத்துக்குத் தன்னைத்தான் கூப்பிட வேண்டும். இந்த இரண்டாவது எண்ணம் வந்தபோது போட்டோக்காரருக்குப் பத்து விநாடி முடிந்திருந்தது. மூச்சை விட்டவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது, உதட்டில் நிறம் இல்லை. வயசு இல்லை இது. மருந்தே உள்ளே போகவில்லை. மாடிப்படியின் பாதியில் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று பாலிஷ்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"குறை ஒண்ணும் இல்ல" என்றார்.

வாய் கொப்பளிக்கப் போட்டோக்காரர் குழாயடிக்குப் போனபோது பின்னாலேயே போனார்.

"போட்டோக்காரரே, உங்க டப்பா காலி."

"சும்மா இருங்க. டிக்குனு சத்தம் வருதே!"

"சத்தம் வரும். எனக்குத் தெரியாதா? ஊரே சிரிக்க அதத்தான இழுத்துக்கிட்டிருந்தேன். எத்தன இருக்குன்னு நீங்களே படிங்க பாப்போம்."

போட்டோக்காரர் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார், வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டப்பாவைக் கீழே இறக்கி, "கண்ணு தெரியல" என்றார். "ஒரு வருஷமாவே சரியில்ல. வீட்டுல புது டப்பா ரெண்டு அப்படியே கெடக்கு, இது தீரலையேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கேமராக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு எப்படிங்க வெளிய சொல்றது? சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கறதுக்கு மூச்சு வேணும். இங்க யாருகிட்ட இருக்கு?"

போட்டோக்காரர் சிரித்துவிட்டு இருமினார். இருமல் அடங்கும்வரை பாலிஷ்காரர் காத்திருந்தார்.

"உள்ள போயி சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன். நான் சொன்னா சந்தோஷமா சொல்லுவேன், அத உங்களால தாங்க முடியாது."

போட்டோக்காரர் போய்ச் சொன்னார். சிஸ்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முகம் வாடிப்போய், "தப்பு என்னோடது. எல்லார்கிட்டயும் நம்பர் பாத்தேன், உங்ககிட்ட மட்டும் பாக்கவே இல்ல" என்றார். உடனே டாக்டரிடம் அனுப்பினார். கண் டாக்டருக்கும் சீட்டு எழுதினார். கணக்குப் பார்த்ததில் மூன்று வாரமாகக் காற்றுதான் இழுத்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் டாக்டர் கொடுத்த புது டப்பாவோடு அறைக்குத் திரும்பியபோது சிஸ்டர் எல்லோரையும் பார்த்து, "இப்படி ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சமையல்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

பாலிஷ்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏழு தடவை மருந்தை இழுத்தேன், திட்டு வாங்கினேன். இந்த மனிதர் மூன்று வாரம் ஒன்றுமே இழுக்கவில்லை, கைதட்டு வாங்குகிறார். படம் இறங்கும் என்று பார்த்தால் இன்னும் இரண்டு படம் ஒட்டுவார்கள் போலிருக்கிறது. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போட்டோக்காரர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, புது டப்பாவின் ஜன்னலைக் முகத்துக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாலிஷ்காரர் வெடுக்கென்று அதைப் பிடுங்கினார். மேஜைக்குப் போய் வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து டப்பாவின் முதுகில் ஒட்டினார். சிஸ்டரின் தடித்த பேனாவை எடுத்து, அறுபது வேளை, முப்பது நாள் என்று விரல்விட்டு எண்ணி, மருந்து தீரும் தேதியைக் கட்டைவிரல் அகலத்துக்கு எழுதினார். போதவில்லை என்று பட்டதோ என்னவோ, அதே எண்கள்மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

"படிங்க."

போட்டோக்காரர் தேதியைச் சரியாகப் படித்தார். "நல்லா தெரியுது" என்றார்.

பாலிஷ்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே டப்பாவைப் போட்டோக்காரரின் கோட்டுப் பைக்குள் இறக்கி, கீழே விழுந்துவிடாமல் பையின் பொத்தானையும் போட்டுவிட்டார்.