எந்த நாடு தம்பி?

பர்மிங்ஹாமில் எங்கள் தெருமுனை ஏ.டி.எம். முன்னால் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். பணம் எடுப்பவர் மட்டும் கட்டத்துக்குள் நிற்கலாம். வந்த புதிதில் இது தெரியாமல், பொத்தான் அமுக்கத் தடுமாறிய ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் "ஹெல்ப்?" என்று பக்கத்தில் போய்விட்டேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "ஸ்பேஸ் ப்ளீஸ்!" என்று கத்தினார். ஸ்பேஸ் என்றால் ராக்கெட் போகிற இடம் என்றுதான் நான் படித்திருந்தேன். அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன், போங்கள்! திருடர் அண்டாமல் இருக்கத்தான் அந்தக் கட்டம் என்று பிற்பாடு தெரிந்தது. நல்ல ஏற்பாடுதான். நானும் தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

கொல்லிமலையில், சோளக்காடு ஊரில் இருக்கும் எங்கள் ஏ.டி.எம்.மில் அந்தப் பேச்சே கிடையாது. வரிசை என்றால் ஒருவர் முதுகில் இன்னொருவர் மூச்சு. ரகசிய நம்பரை ஊருக்கே கேட்கும்படி சொல்லி, "கண்ணு, இத அமுக்கிக் குடு" என்பார்கள். அது தப்பு, இப்போதும் சொல்வேன். படித்த திமிரில் தலையில் அடித்துக்கொண்டவள் நான்.

போன சித்திரையில் லீவில் போனபோது அத்தைக்குத் துணையாக அந்த ஏ.டி.எம்.முக்குப் போனேன். அத்தை அப்பாவின் தங்கை; தனியாள். ஒரு வருட மிளகும் மரவள்ளியும் விற்ற காசு அவர் கார்டுக்குள் இருந்தது. அத்தை உள்ளே போனார். நான் மரியாதையாக நாலடி தள்ளி, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டேன். அந்த நேரத்தில் ஒருவன் அத்தை பின்னாலேயே நுழைந்து, இடுப்பில் கத்தியை வைத்து, "சத்தம் போடாம எல்லாத்தையும் எடு" என்றிருக்கிறான். எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்தது கொய்யா விற்கும் புஷ்பத்துக்கு. வரிசையில் அடுத்த ஆள் அவள். கண்ணாடிக் கதவில் மூக்கு ஒட்ட நின்றிருந்தாள். அத்தை நம்பரை இரண்டு தடவை தப்பாக அமுக்கியதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

"ஏந்தம்பி, ஆரு நீயி?"

"எங்கம்மாங்க. கண்ணு செரியாத் தெரியாது, நான்தான் எடுத்துக் குடுக்கறேன்."

"அப்படியா சாமி. எந்த நாடு?"

"இதென்னங்க கேள்வி? தமிழ்நாடுதான்!"

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான். எங்கள் மலையில் நாடு என்றால் நாலைந்து சிற்றூர் சேர்ந்த கூட்டம். அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு என்றுதான் வாயில் வரும். பால்குடி மறக்காத பிள்ளைகூட வேறு சொல்லாது.

"தமிழ்நாடாமுல்ல! புடிங்கடா அவன!" என்று புஷ்பம் போட்ட சத்தத்தில் வரிசை மொத்தமும் உள்ளே பாய்ந்தது. கத்தி ஒரு மூலையில், அவன் ஒரு மூலையில். போலீஸ் வரும்வரை நாலு பேர் அவன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பைசா போகவில்லை. அத்தைமேல் ஒரு கீறல் இல்லை. என் ஜனங்களை நினைத்து எனக்கு நெஞ்சு விம்மியது. கேமராவும் கட்டமும் செய்கிற வேலையை ஒரே கேள்வியில் முடித்துவிட்டாளே, மகராசி!

ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டேன். புஷ்பம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எந்த நாடுங்க?"

"ஆலத்தூர் நாடு," என்றேன்.

"எங்கண்ணன் மவதான்," என்றார் அத்தை.

"அப்பறம் ஏஞ்சாமி முதுகக் காட்டிட்டு நின்ன?"

வெட்கத்தில் அழுகை வந்தது. புஷ்பம் என் தோளைப் பிடித்து, மறுபடி கூடிய வரிசைப் பக்கமாகத் திருப்பினாள். "இப்படி நில்லு. ஒட்டி நில்லு." ஒட்டி நின்றேன். முன்னால் நின்றவர் கார்டை எடுத்ததும் என் கால் தானாக ஓரடி பின்னால் போனது.