சக்கரபாணியின் மாமரங்களுக்கு வந்த நோய்

தையல்நாயகி திண்டிவனத்தில் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் இருபத்தொன்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். ஓய்வு கொடுத்து அனுப்பியதும் பெருமுக்கல் பக்கத்தில் தம்பி சக்கரபாணியின் வீட்டோடு வந்துவிட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகள் ஜெயத்தை, அடுத்த நிலத்துக்காரர் பாண்டுரங்கனின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். வரப்பைத் தாண்டினால் மகள் வீடு. சண்டை வராதவரை வசதிதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் சண்டை வந்தது. மழை பொய்த்து, ஏரி வெடித்துக் கிடந்த நேரம். சக்கரபாணியின் தோப்பில் வரப்பை ஒட்டிய ஏழு மாமரங்களில் இரண்டு செத்தேபோயின. மற்ற ஐந்தும் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. தோப்பின் உள்பக்க மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரபாணிக்குச் சந்தேகமே இல்லை. வரப்பு விஷயத்தில் பாண்டுரங்கனோடு பழைய தகராறு இருந்தது. அந்த மனுஷன்தான் மரத்தில் துளை போட்டுப் பாதரசம் ஊற்றியிருக்கிறான்.

"நான் தொடலய்யா. எங்க வேணா சத்தியம் பண்றேன்" என்றார் பாண்டுரங்கன்.

"அப்ப திருவாமாத்தூர் வட்டப்பாறைக்கு வா."

வெள்ளிக்கிழமை என்று பேசி முடித்தார்கள். அந்தப் பாறையில் கைவைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்பது ஊரறிந்தது. இன்னொன்றும் ஊரறிந்தது. பாறைவரை போய்வந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அப்புறம் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள்.

தையல்நாயகிக்கு மரமும் பெரிதில்லை, வரப்பும் பெரிதில்லை. ஜெயத்துக்கு எட்டாம் மாசம், தலைப்பிரசவம். திங்கட்கிழமை அவள் காலை அமுக்கிப் பார்த்தபோது கட்டைவிரல் பதிந்த குழி அப்படியே நின்றது. முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது. "புள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தான் செய்யும்" என்றாள் மாமியார் விசாலாட்சி. அப்படிச் சொன்ன மாமியார்கள் வார்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுததைத் தையல்நாயகி பார்த்திருக்கிறாள். பெண்ணை உடனே அழைத்துப்போகிறேன் என்று கேட்டாள். பாண்டுரங்கன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"என்னைப் பாறைக்கு இழுக்கற வீட்டுக்கு என் மருமவளை அனுப்புவனா, சம்மந்தியம்மா?"

செவ்வாய் முழுக்க அவள் வீட்டுக்கும் வரப்புக்குமாக நடந்தாள். புதன்கிழமை விடிந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். பின்னாலேயே சக்கரபாணி வந்தான்.

"நீ இன்னாத்துக்குக்கா இங்க? இது இன்னா பிரசவமா?"

"வாய மூடிக்கினு, கேக்கறதுக்குப் பதில் சொல்லு. எப்ப ஆரம்பிச்சுது?"

"மாசில வாடுச்சு. பங்குனில இலை கருகிச்சு."

அவள் ஏழு மரத்தையும் சுற்றி வந்தாள். அடிமரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். துளை இல்லை, பிசின் வடியவில்லை, கறையான் இல்லை. இலைகளைப் பறித்துக் கையில் விரித்தாள். எல்லா இலையும் ஒரே மாதிரி நுனியிலும் ஓரத்திலும் தீய்ந்து, நடுவில் மட்டும் பச்சையாக இருந்தது. வெறும் தாகம் என்றால் இலை மொத்தமாக அல்லவா துவளும்? இது உள்ளே போன ஏதோ ஒன்றின் வேலை.

"மரத்துக்கு இன்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல."

வார்டுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் முதலில் சொல்வது இதைத்தான். அவள் உட்கார்ந்து வேரடியில் கொத்தினாள். ஒரு சாண் ஆழத்தில் மண் வெளுத்து, கட்டிகட்டியாகக் கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"ஐயோ, வெஷம்க்கா!"

அவள் துப்பினாள். "உப்பு."

சக்கரபாணி ஒரு கணம் விழித்தான். அப்புறம் குதித்தான். "பாத்தியா! உப்பைக் கொட்டியிருக்கான் படுபாவி! வெள்ளிக்கிழமை பாறையில சொல்லட்டும்!"

"சொல்லட்டும். கூட நீயும் கை வை. இந்த மண்ணுல என் கையால ஒரு பிடி உப்புப் போடலன்னு முதல்ல நீ சொல்லு."

அவன் கொத்திய குழிக்குள் காலால் மண்ணைத் தள்ளப் பார்த்தான். கஞ்சிச் சொம்போடு வந்து நின்ற அவன் பெண்டாட்டி பவுனு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"தைமாசம் மரக்காணத்து வண்டிக்காரங்கிட்ட மூணு மூட்டை வாங்கினீங்களே. தென்னை நாலுதான நம்மகிட்ட? மிச்சம் எங்க போச்சு?"

"நீ சும்மா இருடி!"

"நான் சும்மா இருந்துடுவேன். பாறை இருக்குமா?"

சக்கரபாணி வரப்பில் குந்திவிட்டான். அந்தப் பக்கத்தில் தென்னைக்கு உப்பு வைக்காத வீடு கிடையாது. வேருக்குக் குளிர்ச்சி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பார்கள். வரப்பு ஓரம் மேட்டு நிலம். மேட்டு வரிசை மரங்கள்தான் முதலில் வாடின. தென்னைக்கு ஆகிறது மாவுக்கு ஆகாதா என்று மரத்துக்கு அரைக்கால் மூட்டை வைத்து மண்ணைத் தள்ளி மூடினான். இன்னும் வாடின, மறுபடியும் வைத்தான்.

"உப்பெல்லாம் ஒரு மருந்தாக்கா? அதான் ஒண்ணும் குடுக்கலன்னேன்."

"செத்த ரெண்டு போவட்டும். இந்த அஞ்சுக்கும் மேல்மண்ண வழிச்சுத் தூர எறி. அப்புறம் நல்ல தண்ணிய நிக்க நிக்கக் கட்டி உப்பைக் கழுவணும்."

"நம்ம கெணத்துல ஏது தண்ணி?"

தையல்நாயகி வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அந்த வருஷம் அங்கே தண்ணீர் இருந்தது பாண்டுரங்கனின் கிணற்றில் மட்டும்தான்.

"அவங்கிட்டப் போய் நிக்கறதுக்குப் பாறையிலயே செத்துப்போவலாம்."

"சாவு. அதுக்கு முந்தி மன்னிப்புக் கேட்டுட்டுச் சாவு. ஜல்தி எழுந்திரு!"

பாண்டுரங்கன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். சக்கரபாணி சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. அப்புறம் கையை மாட்டின் முதுகில் துடைத்தார்.

"மாமரத்துக்கு ஊறுகா போட்டுட்டு என்னைக் கொலைகாரன்னியே. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நான் ரெடி. நீ?"

"வரல. தப்பு என்னுது."

"இன்னும் சத்தமாச் சொல்லு. நாலு பேரு காதுல விழட்டும்."

சக்கரபாணி சத்தமாகச் சொன்னான். களத்தில் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். அவன் காது சிவந்துபோயிற்று.

"கரண்டு ரெண்டு மணிக்கு வரும். வாய்க்காலைச் சீர் பண்ணி வை, மோட்டார் போடறேன்" என்றார் பாண்டுரங்கன். பிறகு தையல்நாயகியைப் பார்த்தார். "உட்காருங்க சம்மந்தியம்மா. நல்ல நாள் பாத்து ஜெயத்தை..."

"நாள் நான் பாத்துட்டேன். இன்னிக்கே, ஒன்பதரை பஸ்ஸுல திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு" என்றாள் அவள். ஜெயம் ஏற்கெனவே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"தலை வலிக்குதா?"

"நேத்திலேருந்துமா."

வீக்கத்துக்கு மேல் தலைவலியும் வந்தால் அடுத்தது வலிப்பு என்பதை வார்டில் பார்த்தவள் அவள். தையல்நாயகி விசாலாட்சியிடம் மாற்றுப்புடவை இரண்டு வாங்கித் துணிப்பையில் திணித்தாள். மகளின் முழங்கைக்குக் கீழே கைகொடுத்து ரோட்டுப் பக்கம் நடத்தினாள். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. அந்த மெதுநடை அவளை வதைத்தது.

சக்கரபாணி பின்னால் ஓடிவந்தான். "அக்கா, அஞ்சும் பொழைக்குமா?"

"புதுத் துளிர் விட்டாப் பொழைக்கும். போ, மண்ணை வழி."

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். ரோட்டில் தூரத்தில் புழுதி கிளம்பியது. பஸ்தானா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள், பஸ்ஸேதான். நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.