ரேடியோவைத் தூங்க வைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் பெயரை நான் திருகி அணைத்துவிட்டேன்.

வானொலியில் அவள் பெயர் வந்தது. தோட்டமே கேட்டது. கேட்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி!

எல்லாம் படிப்பால் வந்த வினை. மானேஜர் பங்களாவில் கழித்துப் போடும் ஆங்கிலப் பத்திரிகைகள் கடைசியில் ஆபீஸ் குமாஸ்தாவான இந்தக் கிராணியின் வீட்டுக்குத்தான் வந்து சேரும். அப்படி வந்த ஒன்றில் பேஜரைப் பற்றி ஒரு கட்டுரை. கோலாலம்பூரில் டாக்டர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார்களே, ‘பீப் பீப்’ என்று கத்தும் டப்பி... அதேதான். அவ்வளவு சின்ன பேட்டரி அதில் எப்படி வாரக்கணக்கில் உழைக்கிறது?

ரகசியம் இதுதான். அந்த டப்பி எப்போதும் விழித்திருப்பதில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து, ‘என்னை யாராவது கூப்பிட்டீர்களா?’ என்று பார்க்கும். இல்லையென்றால் மறுபடி தூக்கம். மானேஜர் ஜீப் சத்தத்துக்கு மட்டும் விழிக்கும் தோட்டத்து ஆபீஸ் கிராணிகளைப் போல. சொந்த அனுபவம்தான், வேறென்ன?

பாதிக் கட்டுரையில் எனக்கே கண் செருகிவிட்டது. ஆனால் அந்தப் பாதி போதாதா, என்னைப் போன்றவனுக்கு?

எங்கள் தோட்டத்தில் மாலை ஆறு மணிக்குத்தான் லெட்ரிக். பகலில் ரேடியோ பாடவேண்டுமென்றால் தடித்தடியாக நாலு பேட்டரி. ஞாயிறு மதியம் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி. நேயர்கள் எழுதிப் போட்ட பெயர்களை வாசிப்பார்கள், ஒரு பாட்டு, மறுபடி பெயர்கள், மறுபடி பாட்டு. பெயர்களைக் கேட்டால் போதும். பாட்டு ஓடும் மூன்று நிமிடம் பேட்டரி எதற்கு வீணாக உழைக்கவேண்டும்?

பாட்டு ஆரம்பித்ததும் அணைப்பேன். கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். மூன்று நிமிடம் ஆனதும் திறப்பேன். இரண்டு ஞாயிறு பழகி, கை தேறிவிட்டது. விஞ்ஞானி ஆகிவிட்டேன்!

போன வாரம் அம்பாங் பெச்சாவிலிருந்து மைத்துனி மல்லிகாவின் கடிதம். ‘அக்கா பிறந்தநாளுக்கு வானொலிக்கு கார்டு போட்டிருக்கிறேன். ஞாயிறு மறக்காமல் கேளுங்கள்.’

மனைவி அதை நாலு தடவை படித்தாள். “முழுப் பேரும் சொல்லுவாங்களா?” என்று கேட்டாள்.

அப்போதே நான் யோசித்திருக்கவேண்டும். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து இருபது வருடம். எல்லாருக்கும் அவள் ‘கிராணியம்மா’. எனக்கு ‘இந்தா’. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரை இங்கே வாய்விட்டுச் சொன்னவர் யார்?

ஞாயிறு. மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தலையில் பூ வேறு. ரேடியோவுக்கு அவளைத் தெரியப்போகிறதா என்ன? ஆனாலும் வைத்திருந்தாள்.

முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பாட்டு ஆரம்பித்தது. டக்!

“ஏங்க... ஏங்க... உங்களத்தானே...” என்றாள். “இன்னிக்கு ஒரு நாளாவது தொறந்தே விடுங்களேன்.”

“சயன்ஸ்லா, சயன்ஸ்! நீ பேசாம பாரு.”

மூன்று நிமிடம். டக். பட்டியல். இல்லை. பாட்டு. டக். கடிகாரம் என் கையில். அவள் கண் ரேடியோவில். மூன்று நிமிடம். டக் —

“...என்றென்றும் நலமாக வாழ வாழ்த்துகிறார், அம்பாங் பெச்சாவிலிருந்து அன்புத் தங்கை மல்லிகா.”

உடனே பாட்டு.

அறிவிப்பாளருக்கு என்ன அவசரமோ... முந்தைய பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டார். நானும் அவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவருக்குத் தெரியாது, பாவம்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபது வருடத்தில் முதல் முறையாக, திட்டு வராதா என்று காத்திருந்தேன்.

திட்டுக்குப் பதில் வந்தது, தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோரின் மனைவி செல்லம்மா. தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“கிராணியம்மா! உங்க பேரு ராஜேஸ்வரியா? எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்! ரேடியோவுல என்னமா சொன்னாங்க!”

அடுப்படியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. “எப்படிச் சொன்னாங்க?”

“ஏன், நீங்க கேக்கலியா?”

“ஐயா ரேடியோவைத் தூங்க வச்சிட்டாரு. இந்த வீட்டுல களைச்சுப்போகக் கூடாதுன்னு அவரு பாக்குறது அந்தப் பேட்டரி ஒன்னத்தான்.”

செல்லம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. பிறகு நடு வீட்டில் நிமிர்ந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். அறிவிப்பாளர் குரலே வந்துவிட்டது. “கோலசிலாங்கூர், அசாம் ஜாவா தோட்டத்தில் வசிக்கும் திருமதி ராஜேஸ்வரி அவர்கள்...”

“இன்னொரு தடவை சொல்லு,” என்றாள் என் மனைவி.

மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவைதான் சிரித்தாள். பேட்டரியே இல்லாமல் அவ்வளவு தெளிவான ஒலிபரப்பை நான் கேட்டதில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ‘ராஜேஸ்வரியக்கா’ என்று நாலைந்து குரல் கேட்டது. எனக்கே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது.

பரிகாரமாக அசாம் ஜாவா டவுனுக்குச் சைக்கிளை மிதித்து, காதர் பாய் கடையில் புது பேட்டரி கேட்டேன். நான் கொண்டுபோன பழையதை டார்ச்லைட்டில் போட்டு என் முகத்தில் அடித்தார் பாய். கண் கூசியது. “இன்னும் ஒரு மாசம் ஓடும் கிராணி சார். இதை ஏன் மாத்துறீங்க?”

வீட்டுக்கு வந்து கட்டுரையின் மீதிப் பாதியைப் படித்தேன். அடடா! டப்பி தூங்கலாம், ஆனால் கூப்பிடுகிற நிலையம் அதைத் தெரிந்து வைத்திருக்கவேண்டுமாம். எடுத்த எடுப்பில் செய்தியைச் சொல்லாதாம். டப்பியின் தூக்கத்தைவிட நீளமாக ஒரு வெற்று ஓசையை முதலில் விடுமாம். எப்போது கண் விழித்தாலும் அந்த ஓசை காதில் விழும், டப்பி எழுந்து உட்காரும், அப்புறம்தான் விஷயம். எவ்வளவு பெரிய மூளை!

ஆர்வம் தாங்காமல் மனைவியிடம் விளக்கினேன். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு விளக்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். மீனை அலசிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

“இதுக்கு ஒரு புஸ்தகமா? இருபது வருஷமா ‘ஏங்க, ஏங்க, உங்களத்தானே’ன்னு நான் வேற எதுக்குக் கத்திக்கிட்டு இருக்கேனாம்?”