முத்துமீனா வரைந்த திருவிழா

மதுரையைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம். தெப்பக்குளத்து மண்டபம், யானைமலை, தைப்பொங்கல், சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகர் என்று பக்கத்துக்கு ஒன்றாக வரையும் வேலை முத்துமீனாவுக்குக் கிடைத்தது. கோரிப்பாளையத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கைடுகளுக்குத் தவளையும் இதயமும் வரைந்து நொந்துபோயிருந்தவள் அவள். கடைசிப் பக்கத்தை மட்டும் தானாகக் கேட்டு வாங்கினாள். வாடிப்பட்டிப் பக்கம் அவள் பிறந்த ஊரின் முத்தாலம்மன் திருவிழா. அதில் தன் தெருச் சனமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பதிப்பாசிரியர் தமிழ்வாணி படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு முத்துமீனா. ஆனா எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்களே. அம்மனோட முதுகும்தான் தெரியுது."

முத்துமீனா அப்போதுதான் கவனித்தாள். சப்பரம் ஊருக்குள் சுற்றிவிட்டு வாய்க்கால் பாலத்துக்கு முந்தின தெருவோடு திரும்பிவிடும். அவள் தெருச் சனம் பாலம் தாண்டக் கூடாது; இந்தப் பக்கம், வரப்பில் நின்று அதன் முதுகைத்தான் பார்க்கும். மண்ணில் செய்த அம்மன். கண் திறந்த மறுநாளே கொண்டுபோய்க் கரைத்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அந்த முகத்தை முத்துமீனா பார்த்ததில்லை. பார்க்காததைக் கை எப்படி வரையும்?

"எங்க பக்கமிருந்து அம்புட்டுத்தான்க்கா தெரியும்" என்றாள்.

தமிழ்வாணி கெட்டவர் இல்லை. புரிந்துகொண்டார், கண்கூடக் கலங்கினார். கலங்கி யாருக்கு என்ன லாபம்? "சின்னப் பிள்ளைக புத்தகம்மா, இதெல்லாம் வேணாமே. முன்னாடி இருந்து வரைஞ்சு குடு" என்றார்.

"அப்ப எங்க சனம் வராதேக்கா."

"தூரத்துல சின்னதாப் போட்டுரு."

போட்டாள். யாரோ யூடியூபில் ஏற்றிய வீடியோவைப் பார்த்து அம்மன் முகத்தை வரைந்தாள். சொந்த ஊர் அம்மனை இப்படியா பார்க்க வேண்டும் என்று இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தன் சனத்தைச் சின்னச் சின்னதாக நிறுத்தினாள்.

அச்சாகி வந்தபோது அவர்கள் நின்ற இடத்தில் கதை வரி இருந்தது. 'எங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து கொண்டாடுவோம்.' எழுத்துக்கு இடம் வேண்டுமே, ஆட்களை வெட்டியிருந்தார்கள்.

புத்தகத்தை முதலில் பிரித்தது இரண்டாம் வகுப்புப் படிக்கும் முத்துமீனாவின் மகள். சப்பரத்துக்கு முன்னால் பட்டுப்பாவாடையோடு அம்மனை அண்ணாந்து பார்க்கும் பிள்ளையைத் தொட்டு, "இது நாந்தானம்மா?" என்றாள்.

முத்துமீனாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாடி."

"அப்ப இந்த வருசம் திருவிழாவுக்கு இங்கனதான் நிக்கணும். நான் முன்னாடியே போயி எடம் பிடிச்சிருவேன்."

அந்த வருடத் திருவிழாவுக்கு முத்துமீனா ஊருக்கே போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற மகள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லம்மா. வா போவோம்" என்றாள்.